பேனுக்கு எது சரி: சீப்பா, ஷாம்பூவா, சிலிகான் லோஷனா, டாக்டர் எழுதித் தர்ற மருந்தா?

ஸ்கூலுக்குப் போற பிள்ளை தலையில பேன் இருக்குன்னு தெரிஞ்ச உடனே எல்லாரும் கேக்குறது எந்த மருந்து நல்லா ஸ்ட்ராங்ங்கிறது தான். ஆனா பேன் விஷயத்துல ஸ்ட்ராங்கை விட நாள் கணக்கு தான் பெருசு. கடையில கிடைக்கிற மருந்துல முக்கால்வாசி ஓடுற பேனைக் கொல்லும், ஈரை விட்டுடும், அந்த ஈரு பொரிஞ்சு வெளிய வர்ற வரைக்கும் பொறுத்திருந்து இன்னொரு தடவை செஞ்சா தான் வேலை முடியும். போன வாரம் தானே மருந்து போட்டோம் மறுபடி வந்துடுச்சேன்னு புலம்புற வீடுகள்ல நிறைய இடத்துல நடக்குறது இது தான், ரெண்டாவது ரவுண்டு விட்டுப் போயிருக்கும். அதனால நான் ஒவ்வொரு வழியையும் ஒப்பிடும்போது அது எவ்வளவு வேகமா கொல்லுதுன்னு பாக்குறதை விட, ஈரை என்ன பண்ணுது, அடுத்து எந்த நாள் செய்யணும், அதை நிஜமாவே ஒரு பிஸியான வீட்டுல விடாம செய்ய முடியுமான்னு தான் பாக்குறேன்.

முதல்ல அந்தக் கணக்கு. வளந்த பேன் 2லேர்ந்து 3 மி.மீ. இருக்கும், எள்ளு சைஸ். பெண் பேன் ஒரு நாளைக்கு சுமார் 8 முட்டை வரைக்கும் வைக்கும், ஒவ்வொண்ணையும் முடியோட அடியில, மண்டைத்தோல்லேர்ந்து 6 மி.மீ.க்குள்ள, ஒரு பசையை சுரந்து முடியோட சேத்து ஒட்டிடும். மண்டைச் சூடு பட்டுக்கிட்டே இருந்தா தான் அது பொரியும். பொரிய ஒரு வாரம், ஒம்பது நாள் ஆகும், சிலது இன்னும் ரெண்டு மூணு நாள் இழுக்கும். வெளிய வந்த குஞ்சுப் பேன் பெருசாகி தானே முட்டை வைக்க இன்னொரு வாரம், பத்து நாள். இப்ப இதை சேத்துப் பாருங்க, இன்னைக்கு மருந்து போட்டு பெருசெல்லாம் செத்துடுச்சு, ஈரு மட்டும் மிச்சம், ஒம்பது நாள்ல அதெல்லாம் அனேகமா பொரிஞ்சுடும் ஆனா அந்தக் குஞ்சு எதுவும் இன்னும் முட்டை வச்சிருக்காது, அந்த இடைவெளியில நீங்க மறுபடி அடிச்சா கதை முடிஞ்சுது, அதை விட்டு மூணு வாரம் கழிச்சு அடிச்சா அதுக்குள்ள புது ஈரு வந்து நீங்க ஆரம்பிச்ச இடத்துக்கே வந்துடுவீங்க. அமெரிக்க குழந்தை மருத்துவர்கள் அகாடமி பெர்மெத்ரின்ங்கிற பேன் மருந்தை ரெண்டாவது தடவை போட 9வது நாள்னு சொல்றது இந்தக் கணக்கை வச்சுத்தான்.

இன்னொண்ணும் சொல்லிடுறேன், இது அழுக்கால வர்றது இல்ல. தினம் தலைக்குக் குளிக்கிற பிள்ளைக்கும் வரும். பேனுக்கு றெக்கை கிடையாது, குதிக்கவும் தெரியாது, ஒரு முடியிலேர்ந்து இன்னொரு முடிக்கு ஊர்ந்து தான் போகும், ரெண்டு பிள்ளைங்க தலையோட தலை ஒட்டி உக்காந்து படம் வரையறது, செல்ஃபி எடுக்குறது, ஒரே தலகாணியில படுக்குறது இது போதும். தலைப்பேன் நோய் எதையும் பரப்பாது. சொறிஞ்சு சொறிஞ்சு புண்ணாகி அதுல பாக்டீரியா சேந்து சீழ் பிடிக்கலாம், அது ஒண்ணு தான் உடம்புக்கு வர்ற தொல்லை. ஆகவே அவசரம்னு நினைச்சு ராத்திரியோட ராத்திரியா எதையாச்சும் தலையில ஊத்த வேண்டிய தேவையே இல்ல, ஒரு நாள் யோசிச்சு முடிவு பண்ணலாம்.

எதை வாங்குறதுக்கு முன்னாடியும் உயிரோட ஒரு பேனையாவது கண்ணால பாருங்க. இதுல தான் பாதி பேர் தப்பு பண்றாங்க. அரிக்குதுன்னா பேன் தான்னு இல்ல, பொடுகா இருக்கலாம், தோல் வறட்சியா இருக்கலாம். அதே மாதிரி அரிக்கலன்னா பேன் இல்லைன்னும் இல்ல, முதல் தடவை பேன் வந்த பிள்ளைக்கு அரிப்பு ஆரம்பிக்கவே 4லேர்ந்து 6 வாரம் ஆகலாம், ஏன்னா அரிப்புங்கிறது பேனோட எச்சிலுக்கு உடம்பு காட்டுற அலர்ஜி, அது பழகி வர நேரம் எடுக்கும். வெள்ளையா ஒண்ணு தெரிஞ்சா விரலால இழுத்துப் பாருங்க, பொடுகுன்னா சுலபமா உதிரும், ஈருன்னா முடியோட ஒரு பக்கத்துல சாய்வா ஒட்டிக்கிட்டு நகராது, நகத்தால உருவினா தான் வரும். எங்க இருக்குங்கிறதும் முக்கியம். முடி மாசத்துக்கு சுமார் 1 செ.மீ. வளரும், அதனால மண்டையை விட்டு ரெண்டு செ.மீ. தள்ளி இருக்கிற ஈரு ரெண்டு மாசப் பழசு, வெறும் கூடு. அதைப் பாத்துட்டு மருந்து போடுறது பிள்ளைக்கு சும்மா கெமிக்கல் பூசுறது தான். வெளிச்சத்துல முடியை விலக்கி விலக்கிப் பாக்குறதை விட ஈரத்தலையில பேன் சீப்பு போட்டுப் பாக்குறது எவ்வளவோ மேல். 2009ல ஜெர்மனியில பண்ண ஒரு ஆய்வுல கண்ணால பாத்தப்போ உயிர்ப்பேன் இருந்த தலைகள்ல சுமார் 29% தான் மாட்டிச்சு, ஈரத்துல சீவிப் பாத்தப்போ சுமார் 90%.

சரி, சீப்புலேர்ந்தே ஆரம்பிக்கலாம், ஏன்னா எதைத் தேர்ந்தெடுத்தாலும் சீப்பு கையில இருந்தே ஆகணும்.

வெறும் சீப்பு மட்டும் வச்சு பேனை ஒழிக்க முடியுமா? முடியும், ஆனா செய்யற விதத்துல செய்யணும். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல 0.3 மி.மீ.க்கு மேல இடைவெளி இல்லாத சீப்பு வேணும், மெட்டல் சீப்பு வளையாம நிக்கும், பிளாஸ்டிக்ல பல்லு விரிஞ்சுடும். தலையை அலசி, கண்டிஷனரை நிறைய, வழக்கமா போடுறதை விட மூணு நாலு மடங்கு, வேர்லேர்ந்து நுனி வரைக்கும் தடவுங்க. முதல்ல பெரிய சீப்பால சிக்கெடுத்துடணும், சிக்கு இருந்தா பேன் சீப்பு போகாது, பிள்ளையும் வலியில கத்தும், அடுத்த தடவை உக்காரவே மாட்டேன்னு ஓடும். அப்புறம் வகிடு எடுத்து சின்னச் சின்ன பாகமா பிரிச்சு, சீப்பை மண்டையில தொட வச்சு, தொடறது முக்கியம், நுனி வரைக்கும் ஒரே இழுவையா இழுத்து ஒரு வெள்ளை டிஷ்யூல துடைங்க. கண்டிஷனர் வழவழப்புல பேன் ஓட முடியாம அங்கேயே நிக்கும், டிஷ்யூல கண்டிஷனர் நுரைக்குள்ள பழுப்பா ஒரு புள்ளி காலை அசைக்கிறது தெரியும், குஞ்சுன்னா கண்ணை சுருக்கிப் பாத்தா தான் தெரியும், மிளகுத்தூள் அளவு கூட இருக்காது. காதுக்குப் பின்னாடியும் பிடரியிலயும் தான் அதிகம் இருக்கும், அங்க ரெண்டு தடவை ஓட்டுங்க. முழுத் தலையும் முடிஞ்சதும் கண்டிஷனரை அலசிட்டு இன்னொரு தடவை ஈரத்தலையில சீவிடணும். நீளமான, அடர்த்தியான முடின்னா முக்கால் மணி நேரம் கூட ஆகலாம், சுருட்டை முடின்னா இன்னும் பொறுமை வேணும்.

இதை 1, 5, 9, 13ன்னு நாலு நாள் செய்யணும், 17வது நாள் செக் பண்ணணும், பிரிட்டனோட தேசிய சுகாதார சேவை சொல்ற அட்டவணை இது. நாலு நாளுக்கு ஒரு தடவைங்கிறது ஏன்னா பொரிஞ்ச குஞ்சு முட்டை வைக்கிற வயசுக்கு வர்றதுக்குள்ள ஒரு சீவலாவது அதைப் பிடிச்சுடும். ஒரு நாள் தவறினா அந்த வேலியில ஓட்டை விழுந்துடும்.

ரிசல்ட் எப்படின்னா, இதுல ரெண்டு பிரிட்டிஷ் ஆய்வு நேரெதிரா இருக்கு, எனக்கு ரொம்ப யோசிக்க வச்சது அது தான். 2000ல வேல்ஸ்ல பண்ணதுல மாலத்தியான்ங்கிற பூச்சி மருந்து லோஷன் போட்ட பிள்ளைங்கள்ல 78% பேருக்கு சரியாச்சு, சீப்பு மட்டும் போட்டதுல 38% தான். 2005ல வந்த இன்னொரு ஆய்வுல சீப்பு கிட்டுக்கு 57%, கடையில வாங்குற பூச்சி மருந்துக்கு 13% தான். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தா எனக்குப் படுறது, சீப்போட வெற்றி அதைப் பிடிக்கிற கையைப் பொறுத்தது, மருந்தோட வெற்றி அந்தப் பக்கத்துப் பேன் அந்த மருந்துக்கு இன்னும் மசியுதாங்கிறதைப் பொறுத்தது. நல்ல கிட், நல்ல செய்முறைக் குறிப்பு கையில இருந்தா சீப்பு ஜெயிக்குது, பேன் மருந்துக்குப் பழகிடுச்சுன்னா மருந்து தோக்குது. சீப்புக்கு ஒரு பெரிய நன்மை இருக்கு, பேன் சீப்புக்குப் பழகி எதிர்ப்பு வளத்துக்கவே முடியாது. கைக்குழந்தைக்கும், கர்ப்பமா இருக்கிற அம்மாவுக்கும், தோல் அலர்ஜி உள்ள பிள்ளைக்கும் பயமில்லாம செய்யலாம்.

அடுத்து எல்லாருக்கும் தெரிஞ்ச பேன் ஷாம்பூ, க்ரீம் ரின்ஸ் வகை. உள்ள இருக்கிறது பெரும்பாலும் 1% பெர்மெத்ரின், இல்லைன்னா சாமந்தி வகைப் பூவுலேர்ந்து எடுக்குற பைரெத்ரின். ரெண்டுமே பேனோட நரம்பைத் தாக்குற பூச்சி மருந்து. பத்து நிமிஷத்துல வேலை முடியும், 2 மாசக் குழந்தையிலேர்ந்து பெர்மெத்ரின் போடலாம், பல வருஷமா உபயோகத்துல இருக்கு, பாதுகாப்பு பத்தி நல்லா தெரியும், சுலபமா கிடைக்கும். பைரெத்ரின் 2 வயசுக்கு மேல தான், சாமந்தி, ராக்வீட் செடி அலர்ஜி இருக்கிற பிள்ளைக்கு வேணாம். குறை என்னன்னா ரெண்டும் ஈரை ஒழுங்கா கொல்லாது, அதை விடப் பெரிய குறை எதிர்ப்பு. பல நாடுகள்ல பேனோட நரம்புல இந்த மருந்து போய் ஒட்டுற இடமே ஜீன் மாற்றத்தால மாறிடுச்சு, மருந்து போட்டாலும் அது பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கும். 1980கள்ல இது வந்த புதுசுல குடுத்த ரிசல்ட்டை இப்ப எதிர்பாக்க முடியாது.

ஆனா எல்லாத் தோல்வியையும் எதிர்ப்பு மேல போடவும் கூடாது. நிறைய பேர் போடுற விதமே தப்பா இருக்கும். கண்டிஷனர் கலந்த ஷாம்பூல தலையை அலசிட்டு மேல பெர்மெத்ரின் போட்டா அது முடியில ஒட்டாது. சொட்டச் சொட்ட ஈரமா இருக்கும்போது போட்டா மருந்து நீர்த்துப் போகும், டவலால துவட்டிட்டுப் போடணும். இடுப்பு வரைக்கும் முடி இருக்கிற பொண்ணுக்கு ஒரு பாட்டில் பத்தாது, ரெண்டு வேணும், சிக்கனம் பாத்து மேலோட்டமா தடவினா பிடரியில உக்காந்திருக்கிறது தப்பிச்சுடும். போட்ட பிறகு ஒண்ணு ரெண்டு நாள் தலைக்கு ஊத்தக் கூடாது. அலசும்போது பிள்ளையைக் குளிக்க வச்சு உடம்பெல்லாம் வழிய விடாம, சிங்க் மேல குனிய வச்சு வெதுவெதுப்பான தண்ணியில தலையை மட்டும் அலசுங்க, தோல்ல உறிஞ்சுறது குறையும். எட்டு, பன்னெண்டு மணி நேரம் கழிச்சு சீவிப் பாருங்க, பேன் மெதுவா தள்ளாடிக்கிட்டு இருந்தா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம், மறுபடி ஊத்தாதீங்க. முன்ன மாதிரியே சுறுசுறுப்பா ஓடுச்சுன்னா அந்த மருந்து அந்தப் பேனுக்கு ஏறலை, அதையே இன்னும் நாலு தடவை போடுறதால ஒண்ணும் ஆகாது, வேற வகைக்கு மாறணும். ஒரே நேரத்துல ரெண்டு பூச்சி மருந்தை கலந்து போடுறது கண்டிப்பா கூடாது.

மூணாவது வழி டைமெதிகோன். இது ஒரு வகை சிலிகான் எண்ணெய், பூச்சி மருந்தே இல்ல. பேனோட உடம்பைச் சுத்திப் படிஞ்சு அதோட மூச்சுத் துளைகளை அடைச்சிடும், பேன் குடிச்ச ரத்தத்துல இருக்கிற அதிகப்படி தண்ணியை வெளியேத்துறதும் அந்த வழியா தான், அது அடைபட்டா உள்ளுக்குள்ள பாதிப்பாகி செத்துடும். நரம்பைத் தாக்காததால பெர்மெத்ரினுக்கு மசியாத பேனும் இதுக்கு மசியும், இந்த ஒரு காரணத்துக்காகவே கடை மருந்துல எனக்கு முதல் சாய்ஸ் இது தான். 2005ல பிரிட்டன்ல 4% டைமெதிகோன் லோஷனையும் ஃபெனோத்ரின்ங்கிற பூச்சி மருந்தையும் வச்சுப் பாத்தாங்க, குணமானது 70%, 75%, கிட்டத்தட்ட சமம், ஆனா தலையில எரிச்சல், அரிப்பு வந்தது டைமெதிகோன்ல 2%, அதுல 9%. தோல் மென்மையா இருக்கிற பிள்ளைக்கு இந்த வித்தியாசம் சின்னது இல்ல.

இதுலயும் கஷ்டம் இருக்கு. 4% லோஷனை 8 மணி நேரம், இல்ல ராத்திரி முழுக்க விடணும், ஒரு வாரம் கழிச்சு மறுபடி. தலை பிசுபிசுன்னு இருக்கும், தலகாணி உறை நனையும், சாதாரண ஷாம்பூல ரெண்டு மூணு தடவை அலசினா தான் போகும். அடர்த்தி அதிகமான சில தயாரிப்பு 15 நிமிஷத்துலயே முடிஞ்சுடும், பாட்டில்ல என்ன போட்டிருக்குன்னு படிச்சு அதும்படி செய்யுங்க. ஒரு எச்சரிக்கை மட்டும் அடிக்கோடு போட்டு சொல்றேன், இந்த லோஷன் தடவின முடி தீப்பிடிக்கும். அடுப்பு, மெழுகுவர்த்தி, சிகரெட், ஹேர் டிரையர் எதுகிட்டயும் பிள்ளை போகக் கூடாது, அலசி முடிக்கிற வரைக்கும்.

இதெல்லாம் முறையா, ரெண்டு ரவுண்டும் செஞ்சு, அப்பவும் உயிர்ப்பேன் தெரியுதுன்னா டாக்டர்கிட்ட போற நேரம். ஐவர்மெக்டின் 0.5% லோஷன் 6 மாசத்துக்கு மேற்பட்ட பிள்ளைங்களுக்கு, காஞ்ச தலையில பத்து நிமிஷம், ஒரே தடவை. அது ஈரை நேரா கொல்லாது, ஆனா மருந்து பட்ட ஈரிலேர்ந்து வர்ற குஞ்சால ரத்தம் உறிஞ்ச முடியாம செத்துப் போகுது. 2012ல வந்த பெரிய ஆய்வுல சீப்பு எதுவும் போடாம, ஒரே தடவை தடவினதுல 15வது நாள் பேன் இல்லாம இருந்தது சுமார் 74%, மருந்தில்லாத லோஷன் போட்டவங்கள்ல 18% கூட இல்ல. ஸ்பைனோசாட்னு இன்னொண்ணு, அது ஈரையும் கொல்லும், அதனால ஒரு வாரம் கழிச்சு உயிர்ப்பேன் தெரிஞ்சா மட்டும் ரெண்டாவது தடவை. நாள் கணக்கு வச்சுக்கவே முடியாத வீட்டுக்கு இந்த ரெண்டும் பெரிய நிம்மதி, கிடைச்சா. எல்லா நாட்டுலயும் கிடைக்காது, விலையும் பழைய மருந்துகளை விட நிறைய அதிகமா இருக்கும்.

ஐவர்மெக்டின் மாத்திரையும் இருக்கு, உடம்பு எடையைக் கணக்குப் பண்ணி, ஏழுலேர்ந்து பத்து நாள் இடைவெளியில ரெண்டு டோஸ், 15 கிலோவுக்குக் குறைஞ்ச பிள்ளைக்குக் கிடையாது. எதுக்குமே அடங்காத பேனுக்கு 2010ல பண்ண ஆய்வுல மாத்திரைக்கு 95%, மாலத்தியான் லோஷனுக்கு 85%ன்னு வந்துச்சு. ரிசல்ட் நல்லா இருக்குன்னு பக்கத்து வீட்டுல மிச்சம் இருந்த மாத்திரையை வாங்கிக் குடுத்துடாதீங்க, எடை பாத்து டாக்டர் தான் சொல்லணும். மாலத்தியான் ஈரையும் ஓரளவு கொல்லும், ஆனா நாத்தம், எரிச்சல், 8லேர்ந்து 12 மணி நேரம், ஆல்கஹால் கலந்திருக்கிறதால சுலபமா தீப்பிடிக்கும், சின்னப் பிள்ளைக்கு வேணாம். லிண்டேன்ங்கிற பழைய பேன் மருந்தை யாராச்சும் குடுத்தா வாங்கவே வாங்காதீங்க, வலிப்பு வர்ற அளவுக்கு நரம்பைப் பாதிக்கக் கூடியது, 2009ல ஆபத்தான கெமிக்கல்களைக் கட்டுப்படுத்துற ஸ்டாக்ஹோம்ங்கிற சர்வதேச ஒப்பந்தப் பட்டியல்லயே சேத்துட்டாங்க.

கை வைத்தியம் பத்தி நிறைய பேர் கேப்பாங்க, சுருக்கமா என் முடிவு. தேங்காய் எண்ணெய், ஆலிவ் எண்ணெய், மயோனைஸ், வாஸ்லின் தடவி மூச்சு முட்ட வைக்கலாம்னு சொல்றது நம்புற அளவுக்கு நடக்குறதில்ல, பேன் மூச்சுத் துளையை மூடிக்கிட்டு மணிக்கணக்கா தாங்கும், தண்ணிக்குள்ள முக்கி வச்சாக் கூட பல மணி நேரம் உயிரோட இருக்கும், அதனால தான் நீச்சல் குளத்துக் குளோரின் தண்ணியும் அதை ஒண்ணும் பண்றதில்ல. எண்ணெய் தடவி சீவினா பேன் வரும், ஆனா அது சீப்போட வேலை, எண்ணெய் வழுக்குறதுக்கு மட்டும் உதவுது. அப்படிப் பாத்தா கண்டிஷனருக்கு பதிலா எண்ணெய் தாராளமா போடலாம். வாஸ்லினை மட்டும் தவிர்த்துடுங்க, அதை எடுக்கவே ஒரு வாரம் போராடணும். வினிகர் ஈரோட பசையைக் கரைக்கும்னு சொல்றாங்க, அந்தப் பசையும் முடி மாதிரியே கெட்டியான புரதம், அதைக் கரைக்கிற சக்தி ஒண்ணுக்கு இருந்தா அது முடியையும் விடாது. வேம்பு, டீ ட்ரீ எண்ணெய் வகையில நல்ல ரிசல்ட் காட்டின சின்ன ஆய்வுகள் இருக்கு, ஆனா பாட்டிலுக்கு பாட்டில் அளவு மாறும், தோல்ல அலர்ஜி வரும், டீ ட்ரீ எண்ணெயை பிள்ளை தெரியாம வாயில வச்சுட்டா விஷம், அதனால சரியா அளந்து தயாரிச்ச டைமெதிகோன் கிடைக்கிற இடத்துல இதுக்குப் போக எனக்கு மனசு வரல. மண்ணெண்ணெய், பெட்ரோல், வீட்டுல அடிக்கிற பூச்சி ஸ்ப்ரே, ஆடு மாடு நாய்க்குப் போடுற மருந்து இது எதையும் பிள்ளை தலையில வைக்காதீங்க, தோல் வெந்து போகும், மூச்சுல போகும், தீப்பிடிச்சா அந்தக் குழந்தை வாழ்நாள் முழுக்க சுமக்கணும். ஒரு பேனுக்காக இவ்வளவு பெரிய ரிஸ்க் எந்த விதத்துலயும் நியாயம் இல்ல.

மொட்டை அடிக்கலாமே? வேலை செய்யும், பேனுக்குப் பிடிச்சுக்க முடியே இல்லையே. ஆனா பத்து வயசுப் பொண்ணை பேனுக்காக மொட்டை அடிச்சு ஸ்கூலுக்கு அனுப்பினா அது அந்தப் பொண்ணு மனசுல எத்தனை நாள் நிக்கும்னு யோசிங்க. பிள்ளையே வேணும்னு கேட்டா சரி, தண்டனை மாதிரி செய்யாதீங்க.

இப்ப யாருக்கு எது? நான் சொல்றது இப்படி. வீட்டுல ஒரு பிள்ளை, குட்டை முடி, பெரியவங்க ஒருத்தருக்கு நாலு நாளைக்கு ஒரு தடவை உக்கார நேரம் இருக்கு, பிள்ளையும் ஒத்துழைக்கும்னா சீப்பும் கண்டிஷனரும் போதும், மருந்தே வேணாம். நீளமுடி, ரெண்டு மூணு பிள்ளைங்க, எல்லாருக்கும் பேன், நாலு தடவை எல்லார் தலையையும் சீவி முடிக்கிறதுக்குள்ள இடுப்பு ஒடிஞ்சுடும்னா டைமெதிகோன் ரெண்டு தடவை, நடுவுல ரெண்டு நாள் சீப்பு. டைமெதிகோன் கிடைக்கல, இதுக்கு முன்னாடி இந்தப் பிள்ளைக்கு பெர்மெத்ரின் போட்டு தோத்ததும் இல்லைன்னா பெர்மெத்ரின்ல ஆரம்பிக்கிறது தப்பே இல்ல, 9வது நாளை காலண்டர்ல வட்டம் போட்டு வச்சுட்டு ஆரம்பிங்க. போன தடவை பெர்மெத்ரின் போட்டு பேன் ஓடிக்கிட்டே இருந்துச்சுன்னா மறுபடி அங்க போகாதீங்க, டைமெதிகோன் இல்லைன்னா டாக்டர். தலையில புண்ணு, சீழ், கழுத்துல நெறி கட்டியிருக்கு, காய்ச்சல்னா எந்த லோஷனும் போடாம முதல்ல டாக்டர். ரெண்டு வயசுக்குக் கீழன்னா சீப்பு தான், மருந்துன்னா கேட்டுட்டு.

எது செஞ்சாலும் ஒரே நாள்ல வீட்டுல இருக்கிற எல்லார் தலையையும் ஈரத்துல சீவிப் பாருங்க, அம்மா, அப்பா, பாட்டி உட்பட. உயிர்ப்பேன் இருக்கிறவங்களுக்கு மட்டும், ஆனா எல்லாருக்கும் ஒரே நாள்ல வைத்தியம். ஒரு கட்டில்ல பிள்ளையோட படுக்குறவங்களுக்கு சந்தேகம் இருந்தாலும் சேத்துப் போடலாம். பிள்ளைக்கு மட்டும் போட்டுட்டு கூடப் படுக்குற பாட்டி தலையை விட்டுட்டா பத்தே நாள்ல பழைய இடம்.

வீட்டைக் கழுவுறது பத்தி, இதுல பேனைப் பெருமாள் ஆக்குறவங்க நிறைய. தலையை விட்டு விழுந்த பேன் ஒண்ணு ரெண்டு நாள்ல செத்துடும், விழுந்த ஈரு மண்டைச் சூடு இல்லாம பொரியாது. அதனால கடைசி ரெண்டு நாள் தலை பட்ட தலகாணி உறை, துண்டு, தொப்பி, போர்வை இதை மட்டும் 54 டிகிரிக்கு மேல சுடுதண்ணியில துவைங்க, துவைக்க முடியாததை ரெண்டு வாரம் பிளாஸ்டிக் பையில கட்டி வைங்க, சீப்பு பிரஷ்ஷை சுடுதண்ணியில அஞ்சு பத்து நிமிஷம் போடுங்க. சோபாவை ஒரு தடவை வாக்யூம் பண்ணா போதும். வீடு முழுக்க பூச்சி மருந்து அடிக்கிறதால பேனுக்கு ஒண்ணும் ஆகாது, மூச்சு இழுக்கிற பிள்ளைக்குத் தான் கெடுதல். அந்த நேரத்தை இன்னொரு தடவை சீவுறதுல செலவு பண்ணுங்க.

வராம தடுக்க முடியுமான்னா, முழுசா முடியாது, பிள்ளைங்க ஒட்டி உக்காந்து தான் விளையாடுவாங்க, அதைத் தடுக்கவும் கூடாது. முடியை இறுக்கமா ஜடை போட்டு இல்ல கொண்டை போட்டு அனுப்பினா உரசுற வாய்ப்பு குறையும். சீப்பு, ரிப்பன், தொப்பி பகிர்ந்துக்க வேணாம்னு சொல்லலாம், ஆனா முக்கால்வாசி பரவுறது தலையோட தலை பட்டு தான். வராம இருக்க முன்கூட்டியே பூச்சி மருந்து ஷாம்பூ போடுறது வேண்டவே வேண்டாம், பலனும் இல்ல, பேனுக்கு மருந்தைப் பழக்கி விடுறது தான் மிச்சம். விரட்டுற ஸ்ப்ரேன்னு வாசனை எண்ணெய் கலந்து விக்கிறதுக்கும் உறுதியான ஆதாரம் இல்ல. நான் நம்புற ஒரே தடுப்பு வாரத்துக்கு ஒரு தடவை, தலைக்குக் குளிக்கிற அன்னைக்கு கண்டிஷனரோட பேன் சீப்பை ஓட்டிடுறது. ரெண்டு மூணு பேன் இருக்கும்போதே மாட்டினா ஒரு சீவல்ல பாதி வேலை முடிஞ்சுடும், மாசக்கணக்கா விட்டு அம்பது ஆன பிறகு தான் கஷ்டம்.

ஸ்கூல்ல பேன் இருக்குன்னு பிள்ளையைத் திருப்பி அனுப்புறது இன்னும் சில இடத்துல நடக்குது. பேன் கண்ணுல பட்டது இன்னைக்குன்னாலும் அது அனேகமா பல வாரமா அந்தத் தலையில தான் இருந்திருக்கும், இன்னைக்கு ஒரு நாள் வகுப்பை விட்டு வெளிய நிக்க வைக்கிறதால பரவுறது நிக்காது. அமெரிக்க குழந்தை மருத்துவர்கள் அகாடமியும் பிள்ளையை நிறுத்தி வைக்க வேணாம், ஈரு முழுக்கப் போன பிறகு தான் வரணும்னு விதி போடவும் வேணாம்னு தான் சொல்லுது. வகுப்பு நடுவுல வச்சு தலையைப் பாக்குறது, பேர் சொல்லிக் கூப்பிடுறது பிள்ளையை ரொம்ப நோகடிக்கும், டீச்சர்கிட்ட தனியா பேசுங்க. பிள்ளைகிட்டயும் "உனக்கு எங்கேர்ந்து ஒட்டிக்கிச்சு"ன்னு விசாரணை வேணாம், சீவும்போது ஒரு கதையோ கார்ட்டூனோ ஓட விட்டா முக்கால் மணி நேரம் உக்காரும்.

உங்க பிள்ளை கூட தினம் ஒட்டிக்கிட்டு விளையாடுற ரெண்டு மூணு பேர் வீட்டுக்கு அன்னைக்கே போன் பண்ணி சொல்லிடுங்க, வெக்கப்பட்டு மறைச்சா அந்த வீட்டுலேர்ந்தே திரும்ப வரும். முடிஞ்சா எல்லாரும் ஒரே வாரக் கடைசியில முதல் ரவுண்டை வச்சுக்குங்க, ரெண்டாவது ரவுண்டு நாளை மெசேஜ்ல ஒருத்தருக்கொருத்தர் ஞாபகப்படுத்திக்குங்க. முடிஞ்ச பிறகும் ஒரு வாரம், பத்து நாள் அரிப்பு இருக்கலாம், அது தோல் ஆறுற அரிப்பு, அதைப் பாத்து மருந்தை மறுபடி எடுக்காதீங்க. 17வது நாள் ஈரத்துல சீவிப் பாருங்க, டிஷ்யூல எதுவும் அசையலைன்னா அதோட நிறுத்திடலாம், பழைய வெள்ளைக் கூடு நாலஞ்சு முடியில ஒட்டிக்கிட்டு இருந்தாலும் பரவாயில்ல, முடி வளர வளர அது கீழ இறங்கிடும், அடுத்த தடவை முடி வெட்டும்போது போயிடும்.